நெட் போனாலும் லைட் எரியணும்

வைஃபை ஸ்விட்ச் மாட்டித் தரச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்கும் கேள்வி, "வீட்ல பகல்ல யாரு இருப்பாங்க?" என்பதுதான். பெரும்பாலும் கூப்பிடுகிறவர் அந்த வீட்டில் இருப்பதில்லை. பெங்களூரிலோ துபாயிலோ டெக்சாஸிலோ இருக்கிற மகனோ மகளோ பெட்டியை இணையத்தில் வாங்கி, பாளையங்கோட்டையில் இருக்கிற அப்பா அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு எனக்குப் போன் போடுவார்கள். "அண்ணாச்சி, பார்சல் வந்துட்டு. போர்டுக்குள்ள வச்சு மூடி விட்டுருங்க, மிச்சத்தை நான் போன்லயே பாத்துக்கிடுதேன்" என்பார்கள்.

அந்தப் பெட்டியின் விலை பெரும்பாலும் ஐந்நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் நடுவில் இருக்கும். ஒழுங்காக மாட்டினால், முட்டி வலிக்கிற ஓர் அம்மா இருட்டில் எழுந்து போய் வாசல் விளக்கைப் போட வேண்டியதில்லை. ஏனோதானோவென்று மாட்டினால், அதே அம்மா தன் வீட்டு விளக்கைப் போடுவதற்கு வெளிநாட்டில் தூங்குகிற மகனை எழுப்ப வேண்டியிருக்கும். இந்த இரண்டு வகை வீடுகளையும் பார்த்துவிட்டேன். மாட்டுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அந்தப் பெட்டிக்குள் மூன்றே சங்கதிகள். 230 வோல்ட்டைச் சில வோல்ட்டாகக் குறைத்துத் தரும் ஒரு சின்ன பவர் சப்ளை. வீட்டு வைஃபையோடு பேசுகிற ஒரு சிப். அந்த சிப் சொன்னதைக் கேட்டு மின்சாரத்தைச் சேர்க்கிற, பிரிக்கிற ஒரு ரிலே. 'டிக்' என்று காதில் விழுவது ரிலேயின் சத்தம். உங்கள் விரல் செய்கிற வேலையைத்தான் அந்த ரிலே செய்கிறது. உங்களுக்குப் பதிலாக ஒரு காந்தம் தட்டுகிறது, அவ்வளவுதான். இதில் மந்திரம் எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டால் பாதி பயமும் போகும், பாதி மயக்கமும் போகும்.

வீட்டைத் தானாக இயங்க வைக்கும் ஆசை பழையது. 1975-லேயே ஸ்காட்லாந்தில் பிகோ எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம், வீட்டுக் கரண்ட் வயர் வழியாகவே கட்டளை அனுப்பும் எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் நெடுநாள் இதெல்லாம் வசதியானவர்கள் வீட்டுக் காரியமாகவே இருந்தது. விலையை உடைத்தது 2014-ல் வந்த ஒரு சிப். ஷாங்காயில் இருக்கும் எஸ்பிரெஸிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266. ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் வைஃபையும் ஒரே சில்லில், நம்ப முடியாத மலிவில். முதலில் அதற்கு ஆங்கிலத்தில் ஒழுங்கான விளக்கக் குறிப்புகூடக் கிடையாது. உலகம் முழுக்க இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்கள் சீன மொழிக் குறிப்புகளைப் பெயர்த்து, ஆளுக்கொரு பக்கம் சோதித்து, இதை வைத்து எதுவெல்லாம் செய்யலாம் என்று கண்டுபிடித்தார்கள். சீனாவின் ஷென்ஜென் நகரத்து ஐடீட் நிறுவனம் இதே சிப்போடு ஒரு ரிலேயைச் சேர்த்து 'சோனாஃப்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. இன்று சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் இதைப் போன்ற பெட்டிகள் பல பெயர்களில் கிடைக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே ஏறக்குறைய ஒரே கதைதான்.

இனி சுவருக்குள் போவோம். என் தொழில் அங்கேதான்.

சாதாரண ஸ்விட்சுக்கு இரண்டு வயர் போதும். ஃபேஸ் உள்ளே வரும், லைட்டுக்குப் போகும். நியூட்ரல் அதற்குத் தேவையில்லை. வைஃபை ஸ்விட்ச் அப்படியல்ல. லைட் அணைந்திருக்கும்போதும் அது விழித்திருந்து கட்டளைக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு அதற்கென்று கரண்ட் வேண்டும். அதனால் ஃபேஸோடு நியூட்ரலும் வேண்டும். அமெரிக்காவில் பல பழைய வீடுகளில் ஸ்விட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வருவதில்லை. அங்கே எழுதப்படும் குறிப்புகளில் பாதி இந்தக் கவலையாகவே இருக்கும். நம் ஊர் போர்டில் நாலு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கும். பிளக் பாயின்ட் இருந்தால் நியூட்ரல் இருந்தே தீர வேண்டும். ஆகவே நம் வீடுகளில் ஹாலிலும் படுக்கையறையிலும் இது சுலபம். மாடிப்படியின் டூ-வே ஸ்விட்ச், பாத்ரூம் வாசலில் தனியாக இருக்கிற ஒற்றை ஸ்விட்ச் ஆகிய இடங்களில்தான் தகராறு வரும்.

அங்கே சில பேர் செய்கிற ஒரு வேலையை நான் கடுமையாகச் சொல்லியே ஆக வேண்டும். நியூட்ரல் இல்லையென்றதும் பச்சை வயரை, அதாவது எர்த்தை, நியூட்ரலாக எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஸ்விட்ச் வேலை செய்யும். லைட்டும் எரியும். வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. ஆனால் எர்த் என்பது உயிரைக் காப்பாற்ற ஓடுகிற வயர். அதில் எந்நேரமும் கரண்ட் ஓடக் கூடாது. எங்கேயாவது அந்த எர்த் அறுந்துவிட்டால், அந்த வரிசையில் இருக்கிற ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் வந்து நிற்கலாம். உங்கள் எலக்ட்ரீஷியன் எர்த்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால், அவரை அன்றைக்கே அனுப்பி வைத்துவிடுங்கள். புதிதாக ஒரு நியூட்ரல் வயர் இழுக்க ஆகிற கூலி ஒரு உயிரைவிடப் பெரிதில்லை.

யு.பி.எஸ். இருக்கிற வீடுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரே போர்டில் யு.பி.எஸ். லைனும் இ.பி. லைனும் வந்து நிற்கும். ஃபேஸை யு.பி.எஸ்.ஸிலிருந்தும் நியூட்ரலை வேறு லைனிலிருந்தும் எடுத்துவிட்டால், போன வயரில் போன கரண்ட் அதற்குரிய வயரில் திரும்பாது. ஆர்.சி.சி.பி. விழலாம். அது பழுதென்று நினைத்து ஆர்.சி.சி.பி.யையே கழற்றி எறிந்த வீடுகள் உண்டு. போகிற வயரிலும் வருகிற வயரிலும் கரண்ட் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அது விழுந்தால் ஏன் விழுந்தது என்று தேட வேண்டும்.

நியூட்ரலே வேண்டாத வைஃபை ஸ்விட்சுகளும் கடையில் உண்டு. அவை லைட் வழியாகவே மிகச் சிறிய கரண்ட்டைக் கடத்தித் தங்களை உயிரோடு வைத்துக்கொள்ளும். குண்டு பல்புக்கு அது பொருட்டேயில்லை. எல்.இ.டி.க்கு அந்தத் துளி கரண்ட் போதும், அணைத்த பிறகும் மினுமினுக்கும், விட்டு விட்டு மின்னும். லைட்டுக்குக் குறுக்கே மாட்டச் சொல்லி ஒரு குட்டிக் கண்டென்சர் கூடவே தருவார்கள். அதை மாட்டாமல் விட்டுவிட்டுப் பேய் நடமாட்டம் என்று பயந்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட நான் பிடிவாதமாக நிற்பது ஒரே ஒரு விஷயத்தில். சுவரில் இருக்கிற பழைய ஸ்விட்ச் அப்படியே வேலை செய்ய வேண்டும். 'மினி' என்று விற்கப்படும் பெட்டிகளில் எஸ்1, எஸ்2 என்று இரண்டு முனைகள் இருக்கும். சுவர் ஸ்விட்சிலிருந்து இரண்டு வயர் எடுத்து அங்கே கொடுத்துவிட்டால், ஸ்விட்சைத் தட்டினாலும் லைட் எரியும், போனில் தொட்டாலும் எரியும். நெட் இல்லை, ரவுட்டர் செத்துவிட்டது, கம்பெனியே மூடிவிட்டது என்றாலும் சுவர் ஸ்விட்ச் தன் வேலையைச் செய்யும். சில மாடல்களில் எஸ்1, எஸ்2 முனைகளுக்கு ஃபேஸ் வரவே கூடாது, வெறுமனே சேர்த்துப் பிரித்தால் போதும்; வேறு சில மாடல்களில் ஃபேஸையே கொடுக்கச் சொல்வார்கள். பெட்டியோடு வரும் படத்தைப் பார்க்காமல் மாட்டினால் முதல் நொடியிலேயே புகைந்துவிடும்.

ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் நான் மாட்டி முடிக்கும்வரை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். முடித்ததும் கேட்டார்: "தம்பி, நீ பாட்டுக்கு மாட்டிட்டுப் போயிருவ. நெட்டு நின்னு போச்சுன்னா நான் இருட்டுக்குள்ள கெடக்கணுமா?"

"இல்ல ஆச்சி, எப்பவும் போல தட்டுங்க, எரியும்" என்றேன்.

எழுந்து வந்து தட்டினார். எரிந்தது. அடுத்து பேரனைக் கூப்பிட்டுப் போனில் அணைக்கச் சொன்னார். அணைந்தது. மறுபடி ஸ்விட்சுக்கு வந்தவர் முகம் சுளித்தார். "கீழ தட்டித்தான கெடக்கு? பெறகு ஏன் எரியல?"

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. நம் நாட்டில் ஸ்விட்ச் கீழே இறங்கியிருந்தால் ஆன், மேலே இருந்தால் ஆஃப். வாழ்நாளெல்லாம் கைக்குப் பழகிய கணக்கு அது. வைஃபை பெட்டியைச் சேர்த்ததும் அந்தக் கணக்கு போய்விடும். எந்தப் பக்கம் தட்டினாலும் இருப்பதற்கு எதிராக மாறும், மாடிப்படி டூ-வே ஸ்விட்ச் போல. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதற்கு நான் செய்வது, அந்த ஸ்விட்சை எடுத்துவிட்டுக் காலிங் பெல் ஸ்விட்ச் மாதிரியான புஷ் பட்டனைப் போட்டு, செட்டிங்கில் அதற்கேற்ப மாற்றிவிடுவது. அமுக்கினால் எரியும், மறுபடி அமுக்கினால் அணையும். மேலே கீழே என்ற பேச்சே இல்லை. ஆச்சி அதை உடனே ஏற்றுக்கொண்டார்.

போர்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் சுவருக்குள் பதித்திருப்பது ஜி.ஐ. தகரப் பெட்டி. தகரம் வைஃபை அலையை மறைக்கும். மூடியைத் திறந்து வைத்திருக்கும்போது அருமையாக வேலை செய்யும்; மூடி ஸ்க்ரூ முடுக்கியதும் காணாமல் போகும். ஆகவே மூடிய பிறகு ஒரு தடவை சோதித்துப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. இந்த மலிவுப் பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் பேசும். புது ரவுட்டர்கள் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் கலந்து கொடுக்கும். முதல்முறை இணைக்கும்போது பாடாய்ப் படுத்துவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். ரவுட்டரில் 2.4-க்குத் தனிப் பெயர் வைத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு விதத்தில் 2.4 நல்லதுதான், சுவர் தாண்டி அதிக தூரம் போகும்.

அடுத்தது லோடு. பெட்டியின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும். 10 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 2300 வாட். கணக்குப்படி 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர்தான் இழுக்கும், மாட்டலாம் என்று தோன்றும். மாட்டாதீர்கள். கீசர் தொடர்ந்து எரிகிற லோடு. அந்தச் சின்ன பெட்டியின் ஸ்க்ரூ லேசாகத் தளர்ந்திருந்தாலும் சூடேறிப் பிளாஸ்டிக் உருகும். 16 ஆம்பியர் என்று குறித்த, பெரிய முனைகள் உள்ள வகைதான் கீசருக்கு. 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும், அதற்குப் பெரிய கரண்ட்டைச் சுமக்கிற கான்டாக்டர் வைப்பதே நிம்மதி. ஹால் ஃபேனுக்கு 10 ஆம்பியர் தாராளம். ஆனால் ஆன், ஆஃப் மட்டும்தான், வேகத்தைப் பழைய ரெகுலேட்டர்தான் பார்த்துக்கொள்ளும்.

மோட்டார்தான் பெரிய கதை. என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது அதைத்தான். "அப்பா தெனமும் காலையில பின்பக்கம் போயி மோட்டாரப் போடுதாங்க, தொட்டி நெறஞ்சதும் மறுபடி போயி நிப்பாட்டுதாங்க, பாசில வழுக்கிருமோன்னு பயமா இருக்கு" என்று ஒரு மகள் சொன்னபோது, இதைச் செய்து கொடுக்காமல் இருக்கக் கூடாது என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் ஐந்நூறு ரூபாய்ப் பெட்டியை நேராக மோட்டாரில் மாட்டுவது மட்டும் கூடவே கூடாது.

முதல் காரணம் ஸ்டார்ட்டிங் கரண்ட். ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் இழுக்கிற ஒரு எச்.பி. மோட்டார், கிளம்புகிற நேரத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அப்போது எழும் பொறியில் ரிலேயின் இரண்டு முனைகளும் வெல்டு அடித்தது போல ஒட்டிக்கொள்ளும். போனில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது காரணம் நம் ஊர் சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள் ஸ்டார்ட்டர் பெட்டி. அவற்றில் பலவற்றில் பச்சைப் பட்டனை அமுக்கிப் பிடிக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் ஸ்டார்ட்டிங் கண்டென்சர் சுற்றுக்குள் இருக்கும். விட்டதும் அது விலகி, ரன்னிங் கண்டென்சர் மட்டும் நிற்கும். வெளியிலிருந்து கரண்ட்டை மட்டும் கொடுத்தால் மோட்டார் கிளம்பாது, உறுமிக்கொண்டு நிற்கும், காயில் கருகும். அதனால் பட்டன் வேலையைத் தானே செய்கிற ஆட்டோ ஸ்டார்ட்டர் பேனல் முதலில் வேண்டும். வைஃபை பெட்டி அந்தப் பேனலில் இருக்கிற கான்டாக்டரின் காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் போதும். காயில் இழுப்பது மிகக் கொஞ்சம். மோட்டாரின் முழுக் கரண்ட்டையும் சுமப்பது கான்டாக்டர்.

மூன்றாவது காரணம் தண்ணீர். போர்வெல்லுக்குள் சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றியிருக்கிற தண்ணீர்தான். சித்திரை, வைகாசியில் தண்ணீர் கீழே போயிருக்கும்போது துபாயிலிருந்து ஒருவர் மோட்டாரைப் போட்டால், வெறும் குழாயில் ஓடி எரிந்துபோகும். பக்கத்தில் இருக்கிற அப்பாவுக்குச் சத்தத்தை வைத்தே தெரியும், போனுக்குத் தெரியாது. ஆகவே டிரை-ரன் பாதுகாப்பு பேனலிலேயே இருக்க வேண்டும், தொட்டி நிறைந்ததும் நிறுத்துகிற ஃப்ளோட் தொட்டியிலேயே இருக்க வேண்டும். இந்த இரண்டும் வயரில் நேராகப் பேச வேண்டும், நெட்டை நம்பியிருக்கக் கூடாது. அதற்கு மேல் இன்னொரு காவலாக, ஆன் ஆனால் இத்தனை நிமிஷத்தில் தானாக ஆஃப் ஆகிவிடு என்று வைஃபை பெட்டிக்குள்ளேயே சொல்லி வைக்கலாம். சோனாஃபில் இதற்கு 'இன்ச்சிங்' என்று பெயர். இதையெல்லாம் செய்த பிறகு அந்த மகளின் அப்பா பின்பக்கம் போவதே இல்லை. செலவு ஐந்நூறில் முடியவில்லை, சில ஆயிரம் ஆனது. அதற்கு அது தகும்.

மோட்டார் ரூமில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வைஃபை ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறது என்று நம்பி வயரில் கை வைக்காதீர்கள். எங்கேயோ இருக்கிற ஒருவர் எந்த நொடியும் அதை ஆன் செய்யலாம், அல்லது ஒரு டைமர் செய்யலாம். மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியர் இருந்தால் அதை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

இனி, போனில் தொட்டதும் அந்தக் கட்டளை எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்போம். வாங்கின பெட்டி வாங்கினபடியே இருந்தால், ஹாலில் உட்கார்ந்துகொண்டு ஹால் லைட்டை அணைத்தாலும், பல நேரம் அந்தச் சொல் வீட்டை விட்டுக் கிளம்பி, எங்கோ ஒரு கம்பெனியின் சர்வருக்குப் போய், திரும்பி வந்துதான் லைட்டை அணைக்கும். கடையில் வேறு வேறு பெயரில் விற்கிற பல ஸ்விட்சுகள் சீனாவின் ஹாங்ஜோ நகரில் தொடங்கிய துயா என்ற ஒரே நிறுவனத்தின் தளத்தில்தான் இயங்குகின்றன. சர்வர் ஓடுகிறவரை நமக்கு இது தெரியவே தெரியாது. நின்றால்தான் தெரியும். வீட்டு விளக்கு, ஸ்விட்சுகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ரிவால்வ் என்ற கருவியை, அதைத் தயாரித்த நிறுவனத்தை வாங்கியிருந்த நெஸ்ட் 2016 மே மாதத்தில் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் பெட்டி மிஞ்சியது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் அணைந்தன. வீடு முழுக்க அவர்கள் ஸ்விட்சை மாட்டியிருந்தவர்களுக்கு ஒருநாள் காலையில் ஆப் வேலை செய்யவில்லை. பிறகு வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அந்தத் தொழிலை வாங்கி மறுபடி ஓட வைத்தார்கள். நல்லவேளையாக அந்த வீடுகளில் சுவர் ஸ்விட்சுகள் தொடர்ந்து வேலை செய்தன. நான் எஸ்1, எஸ்2 முனைகளுக்காக வாதாடுவது ஏன் என்று இப்போது புரியும்.

கட்டளையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த தியோ ஆரென்ட்ஸ் சோனாஃப் பெட்டிக்கென்று தானே ஒரு மென்பொருள் எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். டாஸ்மோட்டா என்று பெயர். பெட்டிக்குள் கம்பெனி போட்ட மென்பொருளை எடுத்துவிட்டு இதைப் போட்டால், அது எந்த சர்வரையும் தேடாது, வீட்டு ரவுட்டரோடு நின்றுவிடும். பெட்டிகள் பேசிக்கொள்ள எம்.க்யூ.டி.டி. என்ற சிக்கனமான மொழியைப் பயன்படுத்தும். 1999-ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக உருவாக்கியது அது. பாலைவனத்துக் குழாய்க்கு எழுதினது நம் வீட்டு வராந்தா விளக்குக்கு உதவுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒரே திரையில் சேர்த்துக் காட்ட, 2013-ல் பவுலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் இருக்கிறது. அதுவும் இலவசம், ராஸ்பெரி பை போன்ற ஒரு சின்ன கம்ப்யூட்டரில் வீட்டு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும்.

இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டாஸ்மோட்டா ஏற்றப் பெட்டியைத் திறந்து சர்க்யூட்டில் வயர் சேர்க்க வேண்டும், 3.3 வோல்ட் மட்டுமே கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக் கரண்ட் அதன் பக்கமே வரக் கூடாது, வந்தால் கம்ப்யூட்டரும் போகும், ஆளும் போகலாம். அதோடு இப்போது வரும் பல பெட்டிகளில் இஎஸ்பி சிப்பே இல்லை, வேறு சிப். அதில் டாஸ்மோட்டா ஏறாது. கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அவர்கள் கையில் கொடுங்கள், ஆசையாகச் செய்வார்கள். மற்றவர்கள் வாங்கும்போதே ஒரு கேள்வி கேட்டால் போதும்: நெட் இல்லாமல், வீட்டு வைஃபைக்குள்ளேயே இது போனோடு பேசுமா? 2022-ல் வந்த மேட்டர் என்ற பொது விதிமுறையில் செய்த ஸ்விட்சுகள் வீட்டுக்குள்ளேயே பேசும்படி அமைந்தவை. விலை கொஞ்சம் கூடுதல்.

கரண்ட் போய் வருகிற நம் ஊருக்கு முக்கியமான ஒரு செட்டிங் உண்டு, அதை யாரும் பார்ப்பதில்லை. கரண்ட் திரும்பி வந்ததும் ஸ்விட்ச் எந்த நிலையில் கண் விழிக்க வேண்டும்? ஆன், ஆஃப், முன்பிருந்த நிலை என்று மூன்று தேர்வு இருக்கும். கீசர், மோட்டார், அயர்ன் பாக்ஸ் பாயின்ட் மூன்றுக்கும் கண்டிப்பாக 'ஆஃப்'. பூட்டிய வீட்டில் நடு ராத்திரி கரண்ட் வந்ததும் கீசர் தானாக எரிய ஆரம்பிக்கக் கூடாது. ராத்திரி விளக்குக்கு 'முன்பிருந்த நிலை' நல்லது. கரண்ட் போனாலும் வைஃபை நிற்காதபடி, ரவுட்டரையும், அதற்கு முன்னால் சுவரில் தொங்குகிற ஃபைபர் பெட்டியையும் யு.பி.எஸ். லைனில் போட்டுவிட வேண்டும்.

கரண்ட் பில் குறையுமா என்று கேட்பார்கள். லைட்டில் குறையாது. ஒவ்வொரு வைஃபை ஸ்விட்சும் சும்மா இருக்கும்போதே ஒரு வாட்டை ஒட்டி இழுக்கும். ஒரு வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட். பத்து ஸ்விட்ச் மாட்டினால் பதினான்கு யூனிட்டுக்கு மேல். முதல் சில யூனிட்டுகள் இலவசம் என்கிற நம் கணக்கில் அது சின்ன எண் இல்லை. ஒன்பது வாட் எல்.இ.டி.யை நினைவாக அணைத்து மிச்சம் பிடிப்பதைவிட, அதைப் பார்த்துக்கொள்ளும் காவலாளிகள் அதிகம் சாப்பிடலாம். ஆகவே வீட்டில் எல்லா ஸ்விட்சையும் மாற்றச் சொல்கிறவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். வாசல் விளக்கு, மாடிப்படி விளக்கு, கீசர், மோட்டார். பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும்.

அதிலும் ஒன்றே ஒன்று மாட்ட வேண்டுமென்றால் வாசல் விளக்கு. நேரம் குறித்து வைக்காமல் சூரியன் மறைவதை வைத்து ஏற்றச் சொல்லலாம். எங்கள் பக்கம் நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாயும், ஜூலையில் ஆறே முக்காலை நெருங்கிவிடும். ஊரைச் சொல்லிவிட்டால் இந்த வித்தியாசத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். வெளியூர் போனாலும் விளக்கு அந்தந்த வேளைக்கு எரியும்.

பாஸ்வேர்டு பற்றிச் சுருக்கமாக. 2016-ல் மிராய் என்ற கிருமி, கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அந்த அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்களையே சில மணி நேரம் முடக்கியது. ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரவுட்டரில் 'கெஸ்ட்' என்று தனி வைஃபை இருந்தால் ஸ்விட்சுகளை அதில் போடுங்கள். வேலைக்காரர், வாடகைக்கு இருந்தவர், மருமகன் என்று யாருக்கெல்லாம் ஆப்பில் அனுமதி கொடுத்தீர்களோ, ஆள் மாறும்போது அதையும் எடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் டி.பி. என்கிற மெயின் போர்டுக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டிவிட்டுத்தான் நான் கிளம்புவேன். எந்தெந்த போர்டுக்குள் வைஃபை பெட்டி இருக்கிறது, அதன் நியூட்ரல் யு.பி.எஸ்.ஸிலிருந்து வருகிறதா இ.பி.யிலிருந்தா, பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழையபடி நேராக ஸ்விட்ச் போட வேண்டுமென்றால் எந்த இரண்டு வயரைச் சேர்க்க வேண்டும், எந்தப் போன் நம்பரில் ஆப் பதிவாகியிருக்கிறது என்பதெல்லாம் அதில் தமிழில் இருக்கும். எனக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு வரப்போகிற எலக்ட்ரீஷியன் யாரோ தெரியாது. அவர் போர்டைத் திறந்ததும் குழம்பி நிற்கக் கூடாது. உங்கள் வீட்டில் மாட்டியவர் இப்படி எழுதித் தரவில்லை என்றால் கேட்டு வாங்கி ஒட்டுங்கள்.